பூநாரை பார்க்க வருகிற பிள்ளைக்கு

கண்ணு,

புது லென்ஸ் வாங்கியாச்சு, ஜனவரியில் ஒரு சனி ஞாயிறு நண்பர்களோடு வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உங்கப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மழை நல்ல மழை. காளங்கி ஆற்றிலும் சுவர்ணமுகி ஆற்றிலும் தண்ணீர் வந்து பழவேற்காடு ஏரி ஆந்திரா பக்கமும் நிறைந்திருக்கிறது. மழை பொய்த்த வருஷம் ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுக்கு வடக்கே வெறும் பொருக்கு மண்தான் கிடக்கும். ரொம்ப ஆழமானாலும் பூநாரைக்கு, அதுதான் நீ ஃபிளமிங்கோ என்கிறாயே, அதற்குப் பிடிக்காது, முழங்கால் நனைகிற தண்ணீர்தான் வேண்டும். பொங்கலுக்குள் அந்த அளவுக்கு வற்றிவிடும்.

சனிக்கிழமை விடிகாலையிலேயே சூலூர்ப்பேட்டையிலிருந்து அந்த ரோட்டுக்குப் போய்விடுங்கள். ஏரியைக் கிழக்கு மேற்காக வெட்டிப் போகிற ரோடு அது, தை மாசத்துச் சூரியன் தென்கிழக்கில் எழும், அதனால் வடக்குப் பார்த்து நின்றால் வெளிச்சம் உன் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். தெற்கே திரும்பினால் எல்லாம் கறுப்பு நிழல்தான். வெயில் ஏறினால் கானல் எழும்பிவிடும், அப்புறம் எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். செக்போஸ்ட் பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே எடுக்காதே, அது ராக்கெட் ஏவுகிற இடம்.

இப்போது நான் சொல்ல வந்தது. வாரக் கடைசியில் காரில் வருகிறவர்கள் சிலர் கை தட்டுகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், ஒருத்தர் சேற்றில் இறங்கிக் கூட்டத்தை நோக்கி நடக்கவே நடக்கிறார். எல்லாம் அந்தச் சிவப்பும் கறுப்புமான இறக்கை விரிகிற ஒரு படத்துக்காக. பூநாரை சட்டென்று எழும்புகிற பறவை இல்லை, தண்ணீர் மேல் ஓடி ஓடித்தான் எழும்பும். தலையைக் கவிழ்த்துப்போட்டு, சேற்றுத் தண்ணீரை நாக்கால் இழுத்து, அலகு ஓரத்துச் சீப்புப் பல்லில் வடிகட்டி, மணிக்கணக்காகத் தின்று சேர்த்த தெம்பை உன் படத்துக்காக ஏன் செலவழிக்க வேண்டும்?

அதோடு, விரட்டினால் உனக்குக் கிடைப்பது அத்தனையும் வால்பக்கம்தான். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று உன் முதுகில் படுகிற மாதிரி நின்று பேசாமல் காத்திரு, அதுவாக எழும்பும்போது உன் பக்கம் முகம் காட்டி வரும். உங்கப்பாவின் நல்ல படமெல்லாம் அப்படி வந்ததுதான். (அவர்தான் சாம்பல் நிறத்து இளம் பூநாரையை வேறு ஏதோ நாரை என்று ஒரு மாலை முழுக்கச் சாதித்தவர், கேட்டுப் பார். தின்கிற தீனியில்தான் அந்தச் சிவப்பு ஏறுகிறது, அதற்குச் சில வருஷம் ஆகும்.)

ஞாயிற்றுக்கிழமை நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். தண்ணீரில் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா (பெலிகன்) கூடு கட்டியிருக்கும், குஞ்சு தாயின் பைக்குள் தலையை விட்டு மீன் எடுப்பதைக் பறவை பார்க்கிற கோபுரத்தின் மேலிருந்தே பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையும் இருக்கும். உன் நண்பர் ஒருவரிடம் டிரோன் இருக்கிறதென்றாயே, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல். தாய்ப்பறவை மிரண்டு எழும்பினால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், சேறானாலும் பரவாயில்லாத செருப்பு. சனிக்கிழமை ராத்திரிக்கு ஏரி இறால் வாங்கலாம் என்றிருக்கிறேன், யார் யார் சைவம் என்று முன்னாடியே சொல்லிவிடு, கடைசி நிமிஷத்தில் என்னைச் சாம்பார் வைக்க விடாதே.

அம்மா