பேரேட்டில் இல்லாதவர்கள்

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டு சிங்கப்பூருக்கே வந்துவிடச் சொன்னாய். இந்த வெயிலில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் கதை கேட்பது எதற்கு என்றும் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் எழுத்துக்குக் குறைவே இருந்ததில்லை. பெரிய கணக்குப் புத்தகமான பேரேடு, வரவு செலவு தீர்க்கும் ஐந்தொகை, வட்டிச் சிட்டை, கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்கிற ஒப்பந்தச் சீட்டு, சீர் சாமானுக்கு ஒரு சிட்டை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்த ஊர் இது. கோட்டையூரில் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் காப்பாற்றி வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிற்கிறது. அச்சேறிய காகிதத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். நம் வீட்டு வளவுகளில் பேசப்பட்ட பேச்சையும் பாடப்பட்ட பாட்டையும் அந்தத் தீவிரத்தோடு தேடியவர்கள் மிகவும் குறைவு.

பேரேட்டைப் புரட்டினால் பணம் போன வழி தெரியும். 1930இல் பர்மாவில் நெல் விலை விழுந்ததும், கடனுக்கு ஈடாக நிலம் அங்கே வட்டிக்குக் கொடுத்த நம் நகரத்தார், அதாவது செட்டியார்கள் கைக்கு வந்ததும் தெரியும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் சில வருஷங்களில் ஏறத்தாழ 25 சதவீதமானது. நிலத்தை விட்டுக்கொடுத்த பர்மிய விவசாயி வீட்டில் அன்று என்ன பேசினார்கள் என்பது அந்தக் கணக்கில் கிடையாது. இங்கே மூன்று வருஷத் தவணை வேலைக்குக் கணவனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுக் கைக்குழந்தையோடு இருந்தவள் என்ன நினைத்தாள் என்பதும் கிடையாது. அவள் நினைத்தது தாலாட்டில் இருக்கிறது, ஒப்பாரியில் இருக்கிறது. தெரிந்தவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. தொண்ணூறைத் தாண்டியவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அங்கே வட்டிக்கடையில் அடுத்தாளாக, முதலாளியின் ஆளுக்கு உதவியாக இருந்தார். “எங்களுக்குச் சண்டை வந்தது தபால்காரன் வராததுலதான் தெரிஞ்சது” என்றார். மாதக்கணக்கில் கடுதாசி இல்லை. பிறகு ஒருநாள் தாடியும் வீங்கிய காலுமாக அப்பச்சி முகப்பில் வந்து நின்றபோது வீட்டிலிருந்தவர்களுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லையாம். புரோமிலிருந்து அரக்கான் மலைவழியாக நடந்து, கப்பல் பிடித்து வந்திருக்கிறார். கூடக் கிளம்பிய சமையல்காரர் வரவில்லை. காய்ச்சல் கண்டதால், “நீங்க போங்க, நான் பின்னால வாரேன்” என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார் என்பது ஆச்சி சொன்னது.

அந்தச் சமையல்காரரின் பேத்தி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவரிடமும் கேட்டேன். அவர் வீட்டில் கதை வேறு. காய்ச்சலில் கிடந்தவரை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று அவருடைய அப்பத்தா சாகும்வரை சொல்லி அழுதிருக்கிறார். அந்த ஒப்பாரியில் இரண்டு அடி பேத்திக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாடிக் காட்டியபோது அவர் குரல் உடைந்தது, நான் பதிவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆச்சியின் மகனுக்கு இது தெரிந்து, இரண்டாவது கதையை எடுத்துவிடச் சொன்னார். குடும்பத்துக்குப் பேர் கெடும் என்றார். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த மலையில் இல்லை. ஆனால் ஒரே தெருப்பக்கத்தில் இரண்டு வீடுகள் இத்தனை வருஷம் இரண்டு கதைகளோடு வாழ்ந்திருக்கின்றன, அதுவே வரலாறுதான். இரண்டையும் அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, யார், எந்த ஊர், எந்த நாள் என்று குறித்து வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் அவர்கள் விருப்பப்படி மறைத்திருக்கிறேன்.

காலம் குறிப்பது பெரிய வேலை. யாரும் ஆங்கில வருஷம் சொல்வதில்லை. “தாது வருஷம்” என்பார்கள். 1876இல் தொடங்கியதும் தாது, பெரும்பஞ்சம் வந்தது அதில்தான். அறுபது வருஷம் கழித்து 1936இல் வந்ததும் தாது. பாட்டி சொன்ன பஞ்சத்தைத் தான் பார்த்ததாகவே சிலர் சொல்லிவிடுவார்கள். அப்போது மறுத்துப் பேசக் கூடாது. அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள், மூத்தவன் பிறந்தாச்சா, பர்மாவிலிருந்து பணம் வந்துகொண்டிருந்ததா என்று சுற்றி வளைத்துக் கேட்டால் எந்தத் தாது என்று தெரிந்துவிடும். சுண்ணாம்பு இடித்த பெண்களின் பாட்டு, தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட்டவர்கள் பேச்சு, காளையார்கோயில் கோபுரத்துக்குச் செங்கல்லை மானாமதுரையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுவந்தார்கள் என்று மருது பாண்டியரைப் பற்றிச் சொல்வது, இவையெல்லாம் தனித்தனி நோட்டில் இருக்கின்றன. நேரில் காட்டுகிறேன்.

நீ இருக்கும் இடத்திலும் இந்த வேலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம்மவர்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கிய கிட்டங்கிகள் இருந்த காலத்தில் அங்கே இருந்தவர்கள் சிலராவது இன்னும் இருப்பார்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, பகலில் அதுதான் கடை, ராத்திரி அதன் பக்கத்திலேயே படுக்கை. கடையில் வேலை பழகப் பெட்டியடிப் பையனாகப் போனவர், அங்கே சமைத்தவர், துணி வெளுத்தவர், யாராக இருந்தாலும் சரி. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் போவாய் அல்லவா, 1859இல் நகரத்தார் கட்டிய கோயில், அங்கே பெரியவர்களிடம் விசாரி. “வரலாறு சொல்லுங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு வராது. முதல் நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எங்கே படுத்தீங்க என்று கேள். பதிவு செய்யலாமா என்று முதலில் அனுமதி வாங்கு. மின்விசிறியை நிறுத்திவிடு, அந்தச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். அவர்கள் பேச்சைத் திருத்தாதே.

நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் முடியாமல் நான் கிளம்ப முடியாது. வெளியூரில் இருப்பவர்களெல்லாம் அன்றைக்கு வருவார்கள், மற்ற நாளில் பிடிக்க முடியாதவர்களை அங்கே பார்க்கலாம். அதற்கு அடுத்த வாரம் டிக்கெட் போடச் சொல்லு. பதிவுகளின் ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவருகிறேன், உன்னிடம் இருக்கட்டும். தாலாட்டுப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு. அதில் ஒன்று உன் அப்பத்தா பாடியது.

இப்படிக்கு
உன் ஆத்தா