கொன்றவர்களின் மனசாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுப் படுகொலைகளின் உளவியல் குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரை, அவற்றை மனசாட்சி மரத்துப்போனவர்களின் செயல் என்று சொல்லி முடிக்கிறது. நமக்கு ஆறுதல் தரும் விளக்கம்தான். ஆனால் ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை.

1942 ஜூலை 13 அன்று, ஜெர்மனியின் பிடியிலிருந்த போலந்தின் யூசெஃபூவ் என்ற ஊரில் ஏறத்தாழ 1,500 யூதர்களைச் சுட்டுக்கொன்ற 101ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் இருந்தவர்கள், பெரும்பாலும் ஹாம்பர்க் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். பலர் துறைமுகத்திலும் கிடங்குகளிலும் உழைத்தவர்கள். கட்டளையை அறிவிக்கும்போது தளபதி மேஜர் டிராப் கண்கலங்கினார். தங்களால் இயலாது என்று கருதும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். சுமார் 500 பேரில் அப்போது விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். சுட்டவர்களில் ஒருவர் பின்னாளில் தந்த வாக்குமூலத்தை மறக்க இயலாது. பக்கத்தில் நின்றவர் தாயைச் சுட, இவர் குழந்தைகளை மட்டும் சுட்டிருக்கிறார். தாயில்லாத குழந்தை எப்படியும் பிழைக்காது, ஆகவே அதற்கு விடுதலை தருகிறோம் என்று தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாராம். மனசாட்சி மரத்தவருக்குச் சமாதானம் எதற்கு? அது விழித்திருந்தது, விழித்திருந்து, அவருக்காகவே வக்கீலைப் போல வாதாடியது.

1943 அக்டோபரில் போசன் நகரில், நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகளிடையே பேசிய அப்படையின் தலைவர் ஹிம்லரும், பிணக்குவியல்களைக் கண்ட பின்னும் தம் ஆட்கள் கண்ணியமானவர்களாகவே இருந்ததாகப் பெருமைப்பட்டார். 1994 இனப்படுகொலையின்போது ருவாண்டாவின் வெறுப்பு வானொலி, டுட்சி சிறுபான்மையினரைக் கரப்பான் பூச்சிகள் என்று இழித்ததோடு நிற்காமல், அவர்கள் உங்களை அழிக்க வருகிறார்கள் என்ற அச்சத்தையும் ஓயாமல் ஊட்டியது. கொல்வதை அங்கே 'வேலை' என்றே சொன்னார்கள். கொலை தற்காப்பாகவும் கடமையாகவும் உருமாறிய பிறகு, அதில் சேராமல் ஒதுங்கி நிற்பவரே துரோகியாகத் தெரிவார். இப்படி விளக்குவதால் கொன்றவர்களின் குற்றம் இம்மியும் குறைந்துவிடாது.

கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய மில்கிராம் பரிசோதனையில், ஆய்வாளரின் கட்டளைப்படி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிய 40 பேரில் 26 பேர் கடைசி மின்விசை வரை போனது உண்மையே. (அதன் முறை பற்றி ஆட்சேபங்கள் பல உண்டு.) ஆனால் அதே ஆய்வின் வேறொரு வடிவத்தில், உடன் இருந்த இருவர் இனித் தொடரமாட்டோம் என்று மறுத்தபோது, கடைசி வரை சென்றவர்கள் 40 பேரில் நால்வர் மட்டுமே. இதை அவர் விட்டுவிட்டார். மேலதிகாரியின் உத்தரவைக் காட்டிலும் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கே மனிதர் அதிகம் கட்டுப்படுகிறார் என்று எண்ணத் தோன்றுகிறது.

யூசெஃபூவில் விலகியவர்களிலும் பலர், இது அநியாயம் என்று சொல்லவில்லை. தமக்கு அந்தத் திடம் இல்லை என்றே சொல்லிக்கொண்டார்கள். உறுதி, தோழமை, தியாகம் ஆகிய நற்பெயர்கள் யாவும் அதற்குள் சுடுகிறவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன. இத்தனைக்கும், நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காக ஒருவர் கடுந்தண்டனை பெற்றார் என்பதற்குப் போருக்குப் பிந்தைய வழக்குகளில் ஒரு சான்றைக்கூடப் பிரதிவாதிகளின் வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில், மக்களைச் சுட்டுக்கொன்றுகொண்டிருந்த தம் நாட்டுப் படைவீரர்களுக்கும் கிராமத்தினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றிய அமெரிக்க விமானி ஹியூ தாம்ப்சனுக்கு, முதலில் கிடைத்தது வசவுதான்; உரிய பதக்கம் 1998இல்தான் வந்தது. அவரைப் போன்றவர்கள் எதனால் மறுத்தார்கள், அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது பற்றியும் இதே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்