அலுமாரிக்குள் இருக்கும் கலியாணப் புத்தகங்கள்: மன்னார்த் தீவின் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் ஆயர் ஆண்டகை அவர்களுக்கும், தீவின் பங்குத் தந்தையர்களுக்கும், பங்குச் சபையினருக்கும், மூப்பர்மாருக்கும் வணக்கம்.

நான் இந்தத் தீவில் ஞானஸ்நானம் பெற்றவன். 1990இல் போருக்குப் பயந்து வள்ளம் ஏறி இந்தியக் கரையிலுள்ள மண்டபத்துக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது, என் பூட்டனும் பூட்டியும் கைப்பிடித்த பதிவைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டுக் குருமனைக்குப் போனேன். எந்தப் பங்கு என்று இங்கே எழுதவில்லை. யாரையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல.

சுவாமியார் அன்போடு அலுமாரியைத் திறந்து விட்டார். இருந்ததிலேயே பழைய புத்தகத்தை எடுத்து விரித்தால், குமிழ்முனைப் பேனையால் அழகாக எழுதப்பட்ட புதுக் கொப்பி! பக்கத்தில் நின்ற மூப்பர் சொன்னார்: "பழசெல்லாம் உளுத்துப் போச்சுது தம்பி. ஒரு ரீச்சரைக் கொண்டு இதில எழுதுவிச்சுப்போட்டுப் பழசைக் கோயில் வளவுக்குள்ள எரிச்சவை."

அந்த ரீச்சர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எரிந்தது எது என்று எனக்குத் தெரியும். பழைய புத்தகத்திலிருந்து எப்போதோ பெயர்த்தெழுதிக் கொடுத்த கலியாணத் துண்டொன்று அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

துண்டில் பூட்டனின் பெயர் 'சந்தியோகு'. புதுக் கொப்பியில் 'சந்தியாகு'. சாட்சிகளில் ஒருவர் துண்டில் 'வஸ்தியான்'. கொப்பியில் சாட்சிகளே இல்லை. பூட்டனின் தகப்பன் அக்கரையிலுள்ள வேதாளை என்ற ஊரிலிருந்து வந்தவர் என்று துண்டு சொல்கிறது. கொப்பியில் ஊருக்கு இடமே விடப்படவில்லை. எல்லாவற்றிலும் என்னை வருத்தியது கடைசி வரி: இருவரும் இரண்டாம் படி இரத்த உறவு, அதற்கு விலக்குப் பெறப்பட்டது என்ற குறிப்பு. அவர்கள் மச்சானும் மச்சாளும். எங்கள் வழக்கில் அது கேட்டுச் செய்கிற உரிமை. திருச்சபையின் கணக்கில் விலக்குக் கேட்க வேண்டிய தடை. நம் முறையும் ரோமையின் சட்டமும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அந்த ஒரு வரி. புதுக் கொப்பியில் அது கிடையாது.

'வஸ்தியான்', 'பிலுப்பு', 'மடுத்தீன்' என்ற எழுத்துகள் பிழையல்ல. போர்த்துக்கேயர் வாயிலிருந்து வந்த பெயரை நம் முன்னோர் தங்கள் நாவுக்கு வசமாக்கிக்கொண்ட விதம் அது. திருத்தி எழுதினால் அந்தக் குரல் போய்விடும்.

இந்தப் புத்தகங்கள் இலேசாக வந்தவையும் அல்ல. 1544இல், வேதத்தில் சேர்ந்ததற்காக, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் வாளுக்கு இந்தத் தீவில் 600 பேருக்கு மேல் இரையானார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறோம். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினியிடம் இன்றும் வேண்டிக்கொள்கிறோம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தனர். பங்குக் குரு கலியாணங்களைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. 1658இல் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் வந்ததும் நம் குருமார் துரத்தப்பட்டார்கள். கலியாணம் சட்டப்படி செல்ல வேண்டுமானால் ஒல்லாந்தரின் கோயிலில் எழுத வேண்டியிருந்தது. 1687இல் வேடம் மாற்றி யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் அடிகளார் இரவிரவாக மறைவில் பூசை வைத்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான். 1806இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கிய பிறகே நம்மவர் தங்கள் கலியாணத்தைத் தங்கள் கோயிலிலேயே பயமின்றிப் பதிய முடிந்தது. இன்று செல்லரிக்க விட்டிருக்கிறோம்.

திருச்சபைச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆண்டகை அறிந்ததுதான் என்றாலும், பங்குச் சபையினருக்காக எழுதுகிறேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம், பழைய பங்குப் புத்தகங்களும் கவனமாகப் பேணப்பட வேண்டும் என்கிறது. 491ஆம் சட்டம், பங்குகளில் உள்ள ஆவணங்களுக்கு அட்டவணை இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைப் பங்கிலும் மற்றதை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்கச் சொல்கிறது. அந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்கிறேன். ஒவ்வொரு பங்கிலும் எத்தனை புத்தகம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மொழியில், என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதினால் போதும். ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை.

அடுத்தது படம் பிடிப்பது. பழைய மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. அதன் புளிப்பு நாள்பட நாள்பட எழுத்தின் வழியே தாளைத் தின்னும். பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் 'ம'வின் வயிற்றில் ஓட்டை தெரியும். இராமபாணப் பூச்சியும் கடற்காற்றின் ஈரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிழிந்த பக்கத்தில் தயவுசெய்து செலோரேப் ஒட்டாதீர்கள், லமினேற் செய்யாதீர்கள். காலை வெளிச்சம் விழும் யன்னலோரத்தில் புத்தகத்தை வைத்து, பிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் எடுத்தாலே இன்றைக்குப் போதும். பிரதியொன்று தீவுக்கு வெளியே இருக்கட்டும். 1990ஐக் கண்டவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

படமெடுத்த எல்லாவற்றையும் இணையத்தில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பக்கங்களில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு அதே வாங்கில் இருந்து பூசை காண்கிறார்கள். ஆகவே நூறு ஆண்டுக்கு உட்பட்டவை பூட்டியே இருக்கட்டும். அதற்கு முந்தியவற்றையும் தன் குடும்பத்தைத் தேடி வருகிறவருக்கும் ஆய்வாளருக்கும் குருமனையில் வைத்துக் காட்டினால் போதும். சாதியை மறைக்கிறோம் என்று சொல்லி அந்தச் சொல்லைத் தாளில் அழிப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நடந்தது நடந்ததுதான்.

உளுத்த புத்தகத்தைத் திரும்ப எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள். ஆனால் வரிக்கு வரி, உள்ள எழுத்திலேயே, சாட்சியும் ஊரும் விலக்கும் விடாமல் எழுதுங்கள். எழுதி முடிந்தபின் பழையதைப் பருத்தித் துணியில் சுற்றி நிலத்திலிருந்து உயரமான தட்டில் வையுங்கள். எரிக்காதீர்கள்.

வருகிற தவக்காலத்துக்கு முன் ஊருக்கு வருகிறேன். கமராவும் அதை நிறுத்தும் தாங்கியும் என் செலவு. தமிழ் தெரிந்த, கை சுத்தமான இளைஞர்கள் இருவரைப் பங்குச் சபை தந்தால், கிடைக்கிற பங்கில் தொடங்கலாம். அம்மம்மாவின் துண்டையும் கொண்டு வருகிறேன். புதுக் கொப்பியில் அந்தப் பக்கத்தோடு அதன் படியொன்றைச் சேர்த்துவைக்கச் சுவாமியார் அனுமதிக்க வேண்டும்.

பணிவன்புடன்,
தீவின் மகன் ஒருவன்