பருவகால வைன் பெட்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புமிக்க வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பருவகால வைன் பெட்டியைப் பற்றி அண்மையில் சில வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவரும் செய்தியை உங்களில் பலர் எங்களுக்கு அனுப்பி, இது உண்மைதானா என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் வாசித்ததை நம்பிப் பேசாமல் வேறு கடைக்குப் போய்விடாமல், நேரே எங்களிடமே கேட்டதற்கு முதலில் நன்றி. கடைக்கு வந்தவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன விளக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுவதே முறை என்று எண்ணி இம்மடலை வரைகிறோம்.

முன்பு பெட்டியில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலிய ஷிராஸ், ஆர்ஜென்டீன மால்பெக் போன்ற கனமான சிவப்பு வைன்களை நிறுத்திவிட்டு, வரி குறைந்த மட்டமான வைன்களை உள்ளே வைத்து நாங்கள் இலாபம் பார்க்கிறோம் என்பதே அச்செய்தியின் சாரம். விலை கூடிவிட்டது என்று யாரேனும் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு. இலண்டனில் எந்தக் கடையில்தான் விலை கூடவில்லை? ஆனால் தெரிந்துகொண்டே மட்டமானதை உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அனுப்புகிறோம் என்ற பேச்சு எங்களை மிகவும் நோகச் செய்துவிட்டது. பெட்டியில் சேரும் ஒவ்வொரு வைனையும் கடையின் பின்னாலுள்ள சிறிய சமையலறையில், நம் வீட்டுக் கறியோடு சேர்த்துச் சுவைத்துப் பார்த்த பிறகே தெரிவு செய்கிறோம் என்பதை நீண்ட கால வாடிக்கையாளர்கள் அறிவீர்கள்.

வரியைப் பற்றி மறைக்க எங்களிடம் எதுவும் இல்லை. 2023 ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானிய அரசு மதுவரியை மதுசார அளவின்படி மாற்றி அமைத்தது. வைனுக்கு மட்டும் தற்காலிகச் சலுகையாக, 11.5 முதல் 14.5 சதவீதம் வரையுள்ள எல்லாவற்றையும் 12.5 சதவீதம் என்றே கணக்கிட்டு, போத்தலுக்கு 2.67 பவுண் அறவிட்டார்கள். அச்சலுகை 2025 ஜனவரி 31 அன்று முடிந்தது. மறுநாள் முதல் 12.5 சதவீத வைனுக்கு வரி ஏறத்தாழ 2.77 பவுண், 14.5 சதவீத வைனுக்கு 3.21 பவுண் என்றானது. அந்த வரியின் மேலும் 20 சதவீத வற் (VAT) வரி விழுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் ஊழியர்களுக்காக நாங்கள் செலுத்தும் தேசியக் காப்புறுதிப் பங்கு 13.8 இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. ஆகவே கனமான வைன்களைத் திரும்ப ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி எங்களைத் தூண்டியது வரிதான் என்று யாரும் சொன்னால் அதை மறுக்க மாட்டோம். ஆனால் எவற்றை வைத்திருப்பது, எவற்றை எடுப்பது என்று முடிவு செய்தபோது கறிச்சட்டியை முன்னால் வைத்துத்தான் முடிவு செய்தோம்.

எப்படி என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வறுத்த யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஒன்றை, வீட்டில் வைக்கும் அதே உறைப்போடு சமைத்தோம். ஒரு கிளாசில் 14.5 சதவீத ஷிராஸ், மற்றதில் பிரான்சின் போஜொலே பகுதியிலிருந்து வந்த, 12.5 சதவீதக் கமே என்னும் மெல்லிய சிவப்பு வைன். ஷிராஸைத் தனியாகக் குடித்தபோது அருமையாகவே இருந்தது. ஒரு துண்டு இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மிடறு குடித்ததும் உதட்டிலும் நாக்கின் ஓரத்திலும் எரிவு ஏறியது. பழச்சுவை முழுவதும் காணாமல் போய், துவர்ப்பும் கசப்பும் மட்டும் நின்றன. மிளகாயின் எரிவை உணர்த்தும் அதே நரம்புகளை மதுசாரமும் தூண்டுகிறது என்பதுதான் காரணம். கருந்திராட்சைத் தோலிலிருந்து வரும் டானினோ வாயை உலரச் செய்து அந்த எரிவை இன்னும் கூர்மையாக்குகிறது. கமே திராட்சையில் டானின் குறைவு, புளிப்பு அதிகம். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த அந்த வைன், கறியின் எண்ணெயைக் கழுவிவிட்டு அடுத்த பிடிக்கு வாயைத் தயார் செய்தது. சுவைத்த அனைவரும் கமே கிளாசைத்தான் மீண்டும் நிரப்பினார்கள்.

கனமான சிவப்பு வைன்களில் எங்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. மிளகாய் சேராத ஆட்டுத்தொடை ரோஸ்ட், மாட்டிறைச்சி ஸ்டேக், முற்றிய கடின சீஸ் ஆகியவற்றில் உள்ள புரதமும் கொழுப்பும் டானினைத் தணித்துவிடும். அங்கே மால்பெக்கும் ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு வைனும் கம்பீரமாக நிற்கும். அவை வழக்கம்போல் கடைத் தட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். பெட்டியோ வாரத்தின் சாதாரண நாட்களில் நம் வீடுகளில் சமைக்கப்படும் உணவுக்கானது. நம் சமையலில் உறைப்பு, புளி, தேங்காய்ப்பால் ஆகிய மூன்றில் ஒன்றேனும் இல்லாத நாள் அரிது.

இனிப்பைப் பற்றிய முறைப்பாட்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கபினெட் வகை ரீஸ்லிங் வெள்ளை வைனைச் சிலர் 'சர்பத்' என்று எழுதியிருந்தார்கள். அதில் மதுசாரம் பெரும்பாலும் எட்டு, ஒன்பது சதவீதம்தான். சிறிது இயற்கைச் சர்க்கரையும் நன்றாகத் தெரியும் புளிப்பும் உண்டு. தனியாகக் குடிப்பவருக்கு அது இனிப்பாகத் தெரிவது இயல்பே. உறைப்பான கணவாய்க் கறியோடும் பிட்டோடும் அதைக் குடித்துப் பாருங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சர்க்கரை உறைப்பைத் தணிக்கும், உறைப்பு சர்க்கரையை மறைக்கும், பழச்சுவை மட்டும் மிஞ்சும். மட்டமான வைன் இப்படி நடந்துகொள்ளாது. செங்குத்தான கற்சரிவுகளில் இயந்திரம் ஏற முடியாமல் கையால் பறிக்கப்படும் திராட்சையிலிருந்து வரும் வைனை மட்டமானது என்று சொல்வது அதைச் செய்பவர்களுக்கும் அநீதி.

பழப்புளி விட்ட மீன்குழம்புக்கு வைன் தேடும்போது, வைனின் புளிப்பு குழம்பின் புளிப்புக்குக் குறையக்கூடாது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். குறைந்தால் வைன் சப்பென்று போய்விடும். வடபோர்த்துக்கலின் வின்யோ வெர்தே இதற்கு நாம் எளிதில் எட்டக்கூடியது. முருங்கையிலை போட்ட நண்டுக்கறிக்கு ஸ்பெயினின் கலீசியக் கடற்கரையில் விளையும் அல்பரீன்யோவை விடப் பொருத்தமானதை நாங்கள் இதுவரை காணவில்லை; அதிலுள்ள மெல்லிய உப்புச்சுவை நண்டின் இனிப்பை எடுத்துக்காட்டுகிறது. இடியப்பமும் சொதியும் என்றால், தேங்காய்ப்பாலின் வழுவழுப்புக்கு ஈடுகொடுக்கக்கூடிய, பிரான்சின் லுவார் பகுதிச் செனின் பிளாங் நல்லது. இரசத்துக்கு மட்டும் எந்த வைனையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மிளகும் புளியும் சூடும் ஒன்றுசேர்ந்து எல்லாவற்றையும் அடித்துவிடும். இரசத்தை இரசமாகவே குடியுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்பவர்கள் கேட்டிருந்த ஒரு விடயமும் உண்டு. வைனைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாற்புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். களிமண் கொண்டு தெளியவைத்தவையும், தெளிய வைக்காமலே அடைத்தவையும் இருக்கின்றன. பெட்டியில் அவற்றைப் பச்சை அடையாளமிட்டு அனுப்புகிறோம்.

இனி வரவிருக்கும் பெட்டிகள். தீபாவளிக்கு முறுக்கும் வடையும் கடலைமா பொரியலும் உள்ள வீடுகளுக்காக ஸ்பெயினின் காவாவைத் தெரிவு செய்துள்ளோம். எண்ணெய்ப் பலகாரத்துக்கும் உப்புக்கும் இதுபோன்ற குமிழ்கள் மிக்க, இனிப்பில்லாத வைன் நன்றாகப் பொருந்தும். இலட்டு, அல்வாவுக்கு அதைக் கொடுக்க வேண்டாம், புளித்துப் போனதுபோல் தெரியும். இனிப்புக்கு அதனிலும் இனிய வைன் வேண்டும் என்பதால், இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதில் மதுசாரம் ஏறத்தாழ ஐந்து சதவீதமே. தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுக்கும் அதுவே ஆகும். நத்தாருக்கு வான்கோழியில் கறித்தூள் தடவிச் சுடும் வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பதால், போஜொலேயின் ஃப்ளூரிக் கிராமத்து வைன் வருகிறது. ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்து அஸ்பரகஸ் சந்தைக்கு வந்ததும், இந்நாட்டிலேயே விளையும் பக்கஸ் திராட்சை வெள்ளை வைனை அனுப்புவோம். கொஞ்சம் தேங்காய்ப்பூவும் கடுகும் தாளித்த அஸ்பரகஸ் வறையோடு அது சேரும் அழகை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

இத்தகைய தெரிவுகளைத் தரம் குறையாமல் தொடர வேண்டியிருப்பதால், தீபாவளிப் பெட்டி முதல் விலையில் மாற்றமின்றி ஆறுக்குப் பதிலாக ஐந்து போத்தல்கள் இருக்கும். எந்த உணவுக்கு எந்த வைன் என்று சொல்லும் பொருத்தக் குறிப்புத் தாள் முன்பைவிட விரிவாக, இரண்டு பக்கங்களில் வரும்.

பெருந்தொற்றுக் காலத்தில் கதவடியில் பெட்டியை வைத்துவிட்டு வந்தபோது சன்னலுக்குள்ளிருந்து கைகூப்பியவர்களையும், புதிதாகக் குடிவந்த உறவினரை முதலில் எங்கள் கடைக்கு அழைத்து வந்தவர்களையும், நண்டுக்கறிக்கு இதைவிட அது நன்று என்று எங்களையே திருத்தியவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. உங்கள் நம்பிக்கையில்தான் இக்கடை நடக்கிறது. எங்களைப் பற்றிய செய்தியைப் பகிர்ந்தவர்களும் நம்மவர்களே. அவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை. ஒரு மாலை கடைக்கு வந்து, பிரட்டல் கறியோடு இரண்டு கிளாசையும் தாங்களே சுவைத்துப் பார்க்குமாறு அவர்களை அன்புடன் அழைக்கிறோம்.

தீபாவளிப் பெட்டி தேவைப்படுவோர் பண்டிகைக்கு ஒரு வாரத்துக்கு முன்னதாகப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பதியும்போது அன்று உங்கள் வீட்டில் மச்சமா மரக்கறியா என்பதையும், உறைப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஒரு போத்தலையாவது அதற்கேற்ப மாற்றி வைப்போம்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்