நரேன் கார்த்திகேயனைப் பற்றி எழுதுமுன்: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா ஒன் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் பக்கங்களில் கோவை நரேன் கார்த்திகேயன் தலைகாட்டுவார். எஃப் ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று ஒரு வரி, 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காம் இடம் என்று இன்னொரு வரி. "ஆறு கார் ஓடுன ரேஸ்ல நாலாவதா?" என்று நக்கலடிக்க ஆள் தயாராக இருக்கும்.

நக்கலில் பொய்யில்லை. மிஷெலின் டயர் அந்த ஓடுதளத்தில் தாங்காது என்று 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன் ஓட்டும் சுற்றோடு (ஃபார்மேஷன் லேப்) அணிகளின் பணிமனைப் பகுதிக்கே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை மட்டும் ஓடின. முதல் இரண்டு இடம் ஃபெராரிக்கு, அடுத்த இரண்டு நரேன் ஓட்டிய ஜோர்டான் அணிக்கு, கடைசி இரண்டு மினார்டிக்கு. காரின் தரம் எப்படியோ, முடிவும் அப்படியே. இதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நமக்கு, அவர் பின்வரிசையில் வந்த பந்தயங்களில் மட்டும் காரின் நினைப்பு வருவதில்லை.

2011, 2012இல் அவர் ஓட்டியது ஹெச்ஆர்டி அணியின் கார். இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் தகுதிச்சுற்றில், மிக வேகமான காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் சுற்றை முடிக்க வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் அந்த அணியின் இரண்டு கார்களுமே பந்தயத்துக்கு வெளியே நின்றன. அப்படிப்பட்ட காரில் ஓட்டுநரை எதைக் கொண்டு அளப்பது? அதே காரை ஓட்டும் அணித்தோழரைக் கொண்டுதான். பந்தய உலகமே அப்படித்தான் அளக்கிறது. 2011 அக்டோபரில், டெல்லி அருகே புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் ப்ரீயில் (எஃப் ஒன் பந்தயத்தில்) நரேன் 17ஆவது, அணித்தோழர் 18ஆவது. அந்தத் தோழர் டேனியல் ரிக்கியார்டோ. பின்னாளில் எட்டு கிராண்ட் ப்ரீ வென்றவர். ஒரே ஒரு பந்தயம், அதை வைத்துக் கோபுரம் கட்டச் சொல்லவில்லை. ஆனால் பெட்டிச் செய்திக்காவது தகுதியில்லையா?

கார்கள் ஒன்றுபோல இருந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். நாடுகள் அணிகளாக மோதிய ஏ1 ஜிபி பந்தயத் தொடரில் எல்லா நாட்டு அணிக்கும் ஒரே சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), ஒரே எஞ்சின். 2007-08 பருவத்தில் சீனாவின் ஜுஹாயிலும் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் இந்திய அணிக்காக வென்றார். அதற்கு வெகு முன்பே, 1996இல், ஃபார்முலா ஏஷியா என்ற ஆசியப் பந்தயத் தொடரில் சாம்பியன் பட்டம். எஃப் ஒன் கதவு மூடிய பிறகு ஜப்பானுக்குப் போய் அந்நாட்டின் சூப்பர் ஃபார்முலா தொடரில் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடர் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடர் கார்களும் சேர்ந்து ஓடிய இரண்டு பந்தயங்களில் இரண்டாவதில் ஹோண்டா என்எஸ்எக்ஸில் முதலாவதாக வந்தார். அப்போது வயது 42.

கேட்பது பெரிதல்ல. அவரைப் பற்றியோ, நாளை இங்கிருந்து போகும் இன்னொரு பிள்ளையைப் பற்றியோ எழுதும்போது, வந்த இடத்தோடு என்ன கார், அணித்தோழர் யார், அந்தத் தோழர் எத்தனையாவதாக வந்தார் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் இண்டியானாபொலிஸை வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பந்தய ரசிகன்