38 வயதில் முதலாண்டு: இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2022 மார்ச்சில் நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பை எடுத்துவிட்டீர்கள். அதுவரை பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று விதி இருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவால் வயது கடந்தவர்களும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வழக்கு எப்படி முடியுமோ என்று தெரியாமல், வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நீங்கள் வரம்பை எடுத்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் டாக்டருக்குப் படிக்கும் ஆசையைத் தைரியமாக வீட்டில் பேச முடிந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். அதில் அரியலூரும் ஒன்று. நான் ஜெயங்கொண்டத்துக்காரி. முன்பெல்லாம் மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் எங்களுக்குத் தஞ்சாவூர் அல்லது திருச்சிதான், விடுதிதான். இப்போது காலையில் பேருந்து ஏறினால் போய்விட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். வயது விதியும் தூரமும் சில வார இடைவெளியில் வழிவிட்டன. அதனால்தான் இந்த ஆசை எனக்குத் திரும்ப வந்தது.

எனக்கு 38 வயது. தனியார் மருத்துவமனையில் செவிலியர். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், மகன் மூன்றாவது. வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. ராத்திரி டூட்டியில், டாக்டர் வந்து சேரும்வரை நோயாளியின் பக்கத்தில் நிற்பது நாங்கள்தான். என்ன நடக்கிறது என்று பல நேரம் புரிந்துவிடும், முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் இருக்க மாட்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேலையின் எல்லை அது. அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நீட் இருக்க வேண்டுமா, ஒழிய வேண்டுமா என்பது எங்கள் மாநிலத்தில் பெரிய சண்டை. அதற்குள் இந்தக் கடிதம் போகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்த காலத்தில், 17 வயதில் கோட்டை விட்டவர்களுக்குக் கதை அதோடு முடிந்தது. இப்போது 180 கேள்வி, 720 மதிப்பெண். பாதி உயிரியல், அது எனக்குக் கை வரும். இயற்பியல்தான் உயிரை எடுக்கிறது. சரி, அது என் பாடு.

என் கேள்வி தேர்வைப் பற்றியது அல்ல, இடம் கிடைத்த பிறகு வரும் ஐந்தரை ஆண்டைப் பற்றியது.

ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 2020இல் 64 வயதில் பூர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2025இல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது அம்மா ஒருவர் மகளோடு சேர்ந்தே நீட் எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். பத்திரிகைகள் கொண்டாடின, நானும் செய்தியை எல்லோருக்கும் அனுப்பினேன். ஆனால் சேர்ந்தவர் அடுத்த வருடங்களை எப்படிச் சமாளிப்பார் என்பதைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

உங்கள் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். வகுப்புக்கு 75 சதவீத வருகை, செய்முறைக்கு 80. குறைந்தால் தேர்வு எழுத முடியாது. மருத்துவப் படிப்புக்கு அது வேண்டும்தான், வார்டுக்கே வராமல் டாக்டர் ஆவதை நானும் விரும்பவில்லை. ஆனால் என் வீட்டில் சின்னவனுக்கு அம்மை போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அவனுக்கு ஆறி வரும்போது பெரியவளுக்குப் போடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் ஓடிவிடும். விடுதியில் இருக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு கிடையாது.

அதே விதிமுறையில், சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுக்குள் படிப்பை முடித்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, கால அவகாசம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஓர் ஆண்டை, வேண்டியவர் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளும் இடைவெளியாக ஆக்குங்கள். பிரசவமோ, பிள்ளையின் நோயோ, வயதான மாமியாரோ, காரணம் எதுவாகவும் இருக்கலாம். இப்போது வருகை குறைந்துபோய் அடுத்த பேட்ச்சோடு உட்காருகிறவருக்குத் ‘தேறாதவர்’ என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. அனுமதி வாங்கி நின்றவரையும் படிக்காமல் நின்றவரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது குழந்தைகள் காப்பகம். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரவும் அனுமதி உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைப் போலப் பல மடங்கு பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் சட்டம் பேசுவது ஊழியரைப் பற்றி, மாணவி அந்தக் கணக்கில் வரமாட்டாள். ஒரு கல்லூரியில் நூலகம், ஆய்வுக்கூடம், படுக்கைகள் என்று என்னென்ன இருக்க வேண்டும் என அத்தனைக்கும் விதி வகுக்கிறீர்களே, அந்தப் பட்டியலில் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் இடம் தரும் காப்பகத்தையும் சேர்த்துவிடுங்கள். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எனக்கு இது உதவாது. கைக்குழந்தையோடு இருக்கும் 26 வயதுப் பெண்ணுக்கு உதவும்.

முதலாண்டு மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முடியும்வரை அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறீர்கள். நல்ல திட்டம். ஊர்க் குடும்பங்களைப் பார்த்துவிட்டு என் குடும்பத்தையும் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் படிவங்கள். ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவர் ஓர் உறுதிமொழி தர வேண்டும், பெற்றோர் அல்லது பாதுகாவலர் இன்னொன்று தர வேண்டும். என் அப்பாவுக்கு 71 வயது. ‘என் மகள் யாரையும் ராகிங் செய்ய மாட்டாள்’ என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால் ரொம்பச் சந்தோஷமாகப் போடுவார், அது வேறு விஷயம். ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நானே பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வயதுக்கு மேல் சொந்த உறுதிமொழியே போதும் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. கல்விக் கடன் விசாரிக்கப் போனபோதும் இதே கதைதான். மேலாளர் முதலில் கேட்டது, “பொண்ணுக்காம்மா?”

சீட்டை வீணாக்குகிறீர்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வாரியத்திலும் இருக்கக்கூடும். 2022இல் தருமபுரிப் பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் கலந்தாய்வுக்கு வந்து, டாக்டருக்குப் படிக்கும் மகன் சொன்னதைக் கேட்டு இடத்தை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். பெரிய மனசு. ஆனால் 61 வேறு, 38 வேறு. நான் முடிக்கும்போது 44 ஆகியிருக்கும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் ஓய்வு வயது 60. பதினாறு வருட வேலை மிச்சம் இருக்கிறது, அதற்கு முன்னால் வார்டில் கற்றது தனி. 23 வயதில் முடித்துவிட்டு வெளிநாட்டு விமானம் ஏறுகிறவரிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. இத்தனை வருடம் ஊரைவிட்டு நகராதவள், படித்த பிறகும் இங்கேதான் இருப்பேன் என்பதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் இல்லாத நாலரை வருடம், பிறகு உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி, அந்த வருடத்தில் 15 நாள் விடுப்பு. இதை எல்லாம் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டோம். நகைக் கடன் உட்பட. பணத்துக்கு உங்களிடம் கேட்கவில்லை, சலுகை மதிப்பெண்ணும் கேட்கவில்லை. தரவரிசையில் வந்தால் வருகிறேன், வராவிட்டால் ராத்திரி டூட்டி இருக்கவே இருக்கிறது.

ஓராண்டு இடைவெளி பற்றியும் காப்பகம் பற்றியும் வாரியக் கூட்டத்தில் விவாதிக்க நாளாகும் என்று தெரியும். உறுதிமொழிப் படிவத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும், அதை அடுத்த சேர்க்கைக்கு முன்னால் அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு செவிலியர்