எண்ணைப் பார்த்தது போதும், கட்டுரைகளைப் படியுங்கள்: பதவி உயர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதவி உயர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறையில் என்னுடன் பணியாற்றும் மருத்துவர் ஒருவரின் பேராசிரியர் பதவி உயர்வு விண்ணப்பத்தை, எச்-இண்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கொண்டு கணக்கிடும் எண்) போதவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அவர் இணைத்திருந்த கட்டுரைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவற்றைப் படித்துவிட்டு மறுபடியும் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. கட்டுரையின் முதல் ஆசிரியருக்கும் முப்பதாவது ஆசிரியருக்கும் அது ஒரே மதிப்பைத்தான் தருகிறது. ஏற்றுக்கொண்டு மேற்கோள் காட்டினாலும், தவறென்று மறுப்பதற்காக மேற்கோள் காட்டினாலும் எண் கூடத்தான் செய்யும். மேற்கோள்களைக் கணக்கிடும் தளங்களான கூகுள் ஸ்காலரில் ஓர் எண்ணும் ஸ்கோபஸில் வேறோர் எண்ணும் ஒரே ஆய்வாளருக்கு இருக்கும்போது, நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதையாவது கடிதத்தில் சொல்லியிருக்கலாம்.

அவருடைய முக்கியமான கட்டுரை, காலில் பைபாஸ் (அடைபட்ட ரத்தநாளத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து எழுதியது. ஒவ்வொரு நோயாளியையும் குறித்த தவணையில் வரவழைத்து, கணுக்காலில் ரத்த அழுத்தம் அளந்து, பைபாஸ் குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று டூப்ளெக்ஸ் ஸ்கேனில் பார்க்க வேண்டும். வராதவர்களைத் தொலைபேசியில் தேட வேண்டும். சில வேளைகளில் மகள் எடுத்து, அப்பா காலமாகிவிட்டார் என்பார். ஆறுதல் சொல்லிவிட்டு, இறந்த தேதி என்ன, கடைசிவரை கால் அகற்றப்படாமல் இருந்ததா என்றும் அவரிடமே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அச்சில் அது, காலப்போக்கில் எத்தனை பேருக்குச் சிகிச்சை பலன் தந்தது என்று காட்டும் வளைகோட்டின் மேல் ஒரு சின்னக் குறுக்குக் கோடு, அவ்வளவுதான். பின்தொடரும் நோயாளிகள் குறையக் குறையக் கூடும் திட்டப்பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு அந்த வளைகோட்டை நம்பக் கூடாது என்பது எங்கள் துறையின் மரபு என்பதால், ஒருவரையும் தவறவிடாமல் தேடுகிறோம். இந்தக் காலத்துக்குள் ஒருவர், நோயாளி எவரையும் பார்க்காமலேயே பல தொகுப்புக் கட்டுரைகளை எழுதி, மேற்கோள்களையும் குவித்துவிட முடியும்.

நெடுங்காலப் பின்தொடர்வு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 1252 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட ஈவார்-1 ஆய்வே சான்று. வயிற்று மகாதமனி வீக்கத்துக்கு ரத்தநாளத்தின் வழியாகவே ஸ்டென்ட் ஒட்டு (உலோகச் சட்டம் தாங்கும் செயற்கைக் குழாய்) வைக்கும் முறையில், தொடக்க மாதங்களில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் எட்டாண்டுகளுக்குப் பிறகு, வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையேதான் இறப்பு குறைவு என்பது 2016-இல் வெளியான முடிவுகளில்தான் தெரிந்தது. அவ்வளவு காலம் காத்திருந்தவர்களால்தான் இன்று நாங்கள் நோயாளிகளிடம் உண்மையைச் சொல்ல முடிகிறது.

மேற்கோள் எண்ணிக்கை வேலையின் மதிப்பைக் காட்டாது என்பதற்கும் இதே சிகிச்சை முறையின் வரலாறு சான்று: உக்ரைனின் கார்கிவ் நகரில் 1987-இல் நிகொலாய் வொலோதஸ் மார்புப் பகுதி மகாதமனியில் ஸ்டென்ட் ஒட்டை வைத்தார். 1990-இல் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்று மகாதமனியில் செய்த சிகிச்சை உலகப் புகழ் பெற்றது. ரஷ்ய மொழியில் எழுதிய வொலோதஸின் பணியோ மேற்கத்திய நாடுகளில் நெடுங்காலம் பேசப்படவில்லை. மேற்கோள் கிடைக்காததால் அவர் செய்த வேலை சிறியதாகிவிடவில்லை.

எண்ணை மட்டுமே கேட்கும் இந்த வழக்கம் இளம் மருத்துவர்களை எங்கே கொண்டு போய்விட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே தரவை மூன்று கட்டுரைகளாகக் கூறு போடுகிறார்கள். ஆய்வில் கை வைக்காதவரின் பெயரைச் சேர்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொள்கிறார்கள். ஐந்தாண்டுப் பின்தொடர்வை மேற்கொள்ளச் சொன்னால், அதனால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதம் தந்திருக்கும் விடை எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் உங்களை மட்டும் பொறுப்பாக்குவது முறையல்ல என்பதை அறிவேன். ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் அளவை) ஆய்வாளரின் தரத்துக்கான அளவுகோலாகக் கொள்ளாமல் கட்டுரையின் உள்ளடக்கத்தையே மதிப்பிட வேண்டும் என்று 2012-இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்லியிருக்கிறது. அந்த வழியில், அவரே தேர்ந்தெடுக்கும் ஐந்து கட்டுரைகளை, எங்கள் துறையை அறிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு தயவுசெய்து படியுங்கள். அதன் பிறகும் மறுப்பதாக இருந்தால், அந்தக் கட்டுரைகளில் கண்ட குறையை எழுத்தில் தெரிவியுங்கள். அதை மதித்து ஏற்றுக்கொள்வோம்.

பணிவுடன்,
ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறையின் சக மருத்துவர்